திரும்பிப் போவதற்கு என்ன அத்தாட்சி?

கதை எழுதுகிறவனுக்குக் காதலர்களைப் பிரித்து வைப்பது ஒரு பெரிய பாடு. அதற்காக அவன் ஜாதியைக் கூப்பிடுவான், ஜாதகத்தைக் கூப்பிடுவான், ஒன்றும் சரிப்படாவிட்டால் பொல்லாத மாமா ஒருவரை எங்கிருந்தாவது அழைத்து வந்து நடுவில் நிறுத்துவான். ஆனால் முறைப்படி கல்யாணமும் ஆகி, தங்களுக்குள் எவ்வித மனஸ்தாபமும் இல்லாத ஒரு தம்பதியை வருஷக்கணக்கில் இரண்டு கண்டங்களில் நிறுத்தி வைப்பதற்கு எங்களிடம் நல்ல உபாயம் கிடையாது. அந்த உபாயம் சர்க்கார்களிடம் இருக்கிறது. ஒரு சிறு காகிதந்தான் அது.

வேற்று நாட்டுப் பெண்ணை மணந்த ஓர் அமெரிக்கப் பிரஜையை எடுத்துக் கொள்ளுங்கள். மனைவி அவனுடைய தாய் தகப்பனாரை ஒரு முறை பார்த்துவிட்டு வர ஆசைப்படுகிறாள். மூன்று வாரம் தங்குவதற்குப் பார்வையாளர் விஸா கேட்டு மனுச் செய்கிறாள். கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் உட்கார்ந்திருக்கும் உத்தியோகஸ்தர் மரியாதையாகவே பேசுகிறார். இரண்டு மூன்று நிமிஷங்களில் பேட்டி முடிந்து விடுகிறது. கேட்ட கேள்விகளின் சாரம் ஒன்றுதான்: "நீங்கள் திரும்பிப் போவீர்கள் என்பதற்கு என்ன அத்தாட்சி?" அவள் சொன்ன பதில் போதவில்லை. காகிதம் கைக்கு வருகிறது. கட்டிய பணம் திரும்பாது. மேல் முறையீடு கிடையாது. வேண்டுமானால் மறுபடியும் பணம் கட்டி, மறுபடியும் மனுச் செய்யலாம். மறுபடியும் அதே கேள்வி.

இதற்கு ஆதாரமான சட்டம் 1952-ம் வருஷம் ஜூன் மாதம் 27-ந் தேதி நிறைவேறியது. ஜனாதிபதி ட்ரூமன் அந்த மசோதாவை நிராகரித்துத் திருப்பி அனுப்பினார்; காங்கிரஸ் அவருடைய மறுப்பையும் மீறி அதைச் சட்டமாக்கிற்று. அதில் 214-வது பிரிவின் 'பி' பகுதி என்று ஒன்று இருக்கிறது. வருகிறேன் என்று சொல்லும் அந்நியர் எல்லோரும் நிரந்தரமாகத் தங்கிவிட வருகிறவர்களே என்று முதலில் வைத்துக்கொள்ள வேண்டும். அப்படியல்ல என்று அதிகாரிக்குத் திருப்தி ஏற்படும்படி காட்ட வேண்டியது மனுதாரர் பொறுப்பு. இதுதான் அந்தப் பகுதியின் சாரம். சில வகை விஸாக்களுக்குப் பிற்காலத்தில் விலக்கு அளித்தார்கள். பார்வையாளருக்கு அந்த விலக்கு இல்லை.

குற்றவாளிக் கூண்டில் நிற்கும் திருடன் விஷயத்தில் கூட நியாய சாஸ்திரம் இப்படிப் பேசுவதில்லை. நிரூபிக்கும் வரையில் அவன் நிரபராதி. இங்கேயோ எல்லாம் தலைகீழ். அதிலும் வேடிக்கை என்னவென்றால், மற்றவர்களுக்குச் சொந்த ஊரில் வீடும் வேலையும் இருந்தால் அவை அவர்கள் பக்கம் சாட்சி சொல்லும். அமெரிக்கனை மணந்தவளுக்கோ அவளுடைய கல்யாணமே எதிர்ச் சாட்சியாக எழுந்து நிற்கிறது. கணவன் மேல் பிரியம் உண்டு என்றால், திரும்பிப் போக மாட்டாள் என்று சந்தேகம். பிரியம் இல்லை என்றால், கல்யாணத்தின் மேலேயே சந்தேகம்!

நம் நாட்டுக்கு அத்தாட்சி கேட்கும் வழக்கம் புதிதல்ல. சீதையிடமே கேட்டார்கள். அவள் அக்கினியைச் சாட்சிக்கு அழைத்தாள். ஆனால் அவளைக் கேட்டது நடந்துபோன காலத்தைப் பற்றி. இனிமேல் தான் என்ன செய்யப் போவதில்லை என்பதற்கு அவளிடம் அத்தாட்சி கேட்டிருந்தால், எந்த அக்கினி வந்து சாட்சி சொல்லியிருக்கும்?

இந்தச் சந்தேகம் எப்போது பிறந்தது என்று தேடிக்கொண்டு போனால், 1952-க்கும் முன்னால் ஒரு கப்பல் தென்படுகிறது.

1924-ம் வருஷம் ஜூலை 11-ந் தேதி 'பிரஸிடெண்ட் லிங்கன்' என்ற கப்பல் ஸான்பிரான்ஸிஸ்கோ துறைமுகத்தை அடைந்தது. அதில் நான்கு இளம் சீனப் பெண்கள் வந்திருந்தார்கள். அவர்களுடைய கணவன்மார்கள் சீன வம்சத்தவர்கள்; ஆனால் அமெரிக்க மண்ணிலேயே பிறந்த பிரஜைகள் என்று சொல்லிக்கொண்டவர்கள். பத்து நாள் முந்தித்தான் ஒரு புதிய குடியேற்றச் சட்டம் அமுலுக்கு வந்திருந்தது. பிரஜா உரிமை பெறத் தகுதியில்லாத இனத்தவர் குடியேற முடியாது என்றது அந்தச் சட்டம். சீனர்களுக்கு அப்போது அந்தத் தகுதி இல்லை. ஆகவே நால்வருக்கும் கரையேற அனுமதி கிடைக்கவில்லை. கணவன்மார்கள் சுப்ரீம் கோர்ட்டு வரை போனார்கள். 1925-ம் வருஷம் மே 25-ந் தேதி தீர்ப்புச் சொன்னார்கள்: சட்டம் தெளிவாக இருக்கிறது, பிரஜையின் மனைவி என்பதற்காக அனுமதிக்க முடியாது.

அதே நாளில் அதே கோர்ட்டு இன்னொரு வழக்கிலும் தீர்ப்புக் கூறியது. அமெரிக்காவில் வியாபாரம் செய்யும் சீன வணிகர்களின் மனைவி மக்கள் வரலாமா என்பது கேள்வி. தாராளமாக வரலாம் என்றது கோர்ட்டு. சீனாவுடன் 1880-ல் செய்துகொண்ட உடன்படிக்கை அந்த வணிகர்களுக்குத் துணையாக இருந்தது. சீனத்துப் பிரஜையின் மனைவி உள்ளே வரலாம்; அமெரிக்கப் பிரஜையின் மனைவி வெளியே நிற்க வேண்டும். எந்த ஹாஸ்ய நாடகத்திலாவது இப்படி எழுதினால், நம்பும்படியாக இல்லை என்று நீங்கள் கடிதம் போடுவீர்கள்.

கடல் கடந்து போகும்போது பெண்ணை உடன் அழைத்துச் செல்லும் வழக்கம் இல்லை என்று தொல்காப்பியம் சொல்கிறது. அது அந்தக் காலத்து வழக்கம். இந்தச் சீனக் குடும்பங்களோ, புறப்பட்டுக் கடலையும் கடந்து கரையைக் கண்ணால் பார்த்த பிறகு தடுக்கப்பட்டவை. 1930-ம் வருஷம் ஜூன் மாதத்தில் காங்கிரஸ் மனம் இரங்கியது. அதுவும் எப்படி? 1924-ம் வருஷம் மே 26-ந் தேதிக்கு முன் மணந்தவர்களின் மனைவிமார் மட்டும் வரலாம் என்று. ஒரு நாள் தாமதமாகத் தாலி கட்டியவன் என்ன பாவம் செய்தான் என்று சட்டம் சொல்லவில்லை. சீனர்களைத் தடுத்த பழைய சட்டங்கள் 1943-ல் ஒழிந்தன. 1946-ல்தான் பிரஜைகளின் சீன மனைவிமாருக்கு முழுதாகக் கதவு திறந்தது.

1924-ம் வருஷத்துச் சட்டம் மற்றொரு காரியமும் செய்தது. குடியேற வருகிறவர்கள் புறப்படும் நாட்டிலேயே அமெரிக்கக் கான்ஸலிடம் விஸா பெற்றுக்கொண்டுதான் கப்பல் ஏற வேண்டும் என்றாயிற்று. வாசல் துறைமுகத்திலிருந்து பெயர்ந்து, கடலுக்கு அப்பால் உள்ள ஓர் அலுவலகத்தின் மேஜைக்குப் போய்விட்டது. 1929-ல் ஓர் அமெரிக்கப் பிரஜை, ஜெர்மனியில் இருந்த தன் மனைவிக்குக் கான்ஸல் விஸா மறுத்துவிட்டார் என்று வாஷிங்டன் அப்பீல் கோர்ட்டில் முறையிட்டார். கான்ஸலின் முடிவைத் திருத்தும் அதிகாரம் தங்களுக்கு இல்லை என்று நீதிபதிகள் கையை விரித்தார்கள். பெரும்பாலும் இன்றும் அந்தக் கை விரித்தபடியேதான் இருக்கிறது.

இந்தச் சரித்திரத்தில் என் மனத்தைவிட்டு அகலாதவர் எல்லென் நாஃப் என்ற பெண்மணி. 1915-ல் ஜெர்மனியில் பிறந்தவர். ஹிட்லர் ஆட்சியில் நாட்டை விட்டுச் செக்கோஸ்லோவாகியாவுக்குப் போனார். 1939-ல் அகதியாக இங்கிலாந்து சேர்ந்தார். யுத்தத்தில் மூன்று வருஷத்துக்கு மேல் பிரிட்டிஷ் விமானப் படையில் வேலை பார்த்தார். பிறகு ஜெர்மனியில் அமெரிக்க ராணுவ இலாகாவில் உத்தியோகம், நல்ல பெயர். 1948 பிப்ரவரியில் கர்ட் நாஃப் என்ற அமெரிக்கப் பிரஜையை, பிராங்க்பர்ட் நகரில் இருந்த ராணுவத் தலைமை அதிகாரியின் அனுமதியோடு, மணந்துகொண்டார். யுத்த வீரர்களின் மனைவிமார் எளிதாக வருவதற்கென்றே 1945-ல் ஒரு சட்டம் செய்திருந்தார்கள். அதை நம்பி எல்லென் கப்பலேறினார்.

1948 ஆகஸ்டு 14-ந் தேதி நியூயார்க் வந்து சேர்ந்தார். அங்கிருந்து நேரே எல்லிஸ் தீவில் காவல். சுதந்திர தேவியின் சிலைக்குப் பக்கத்துத் தீவு அது. அக்டோபரில் உத்தரவு வந்தது: இவர் வருவது தேசத்தின் நலனுக்குப் பாதகம், உள்ளே விடக் கூடாது, விசாரணையும் வேண்டியதில்லை. என்ன பாதகம் என்று கேட்டதற்கு, அது ரகசியம் என்று பதில்.

வழக்கு சுப்ரீம் கோர்ட்டுக்குப் போயிற்று. 1950 ஜனவரி 16-ந் தேதி நான்கு நீதிபதிகள் சர்க்கார் பக்கம் நின்றார்கள், மூவர் எதிர்த்தார்கள். உள்ளே வருவது அந்நியருக்கு உரிமையல்ல, சலுகை. அதைக் காரணம் சொல்லாமலே மறுக்கலாம் என்பது நால்வர் முடிவு. எதிர்த்த மூவரில் ஒருவர் ஜாக்ஸன். நியூரம்பர்க் வழக்கில் நாஜித் தலைவர்களுக்கு எதிராக அமெரிக்காவின் தலைமை வக்கீலாக நின்றவர். கோரிங்குக்குக்கூட ஒரு விசாரணை கிடைத்தது. ஒரு போர் வீரனின் மனைவிக்குக் கிடைக்கவில்லையே என்று அவர் நினைத்தாரோ என்னவோ, அந்த வருஷம் மே மாதத்தில் எல்லெனை விமானத்தில் ஏற்றித் திருப்பி அனுப்ப இருந்த தறுவாயில், தடை உத்தரவு பிறப்பித்தவர் அவரேதான்.

எல்லென் சும்மா இருக்கவில்லை. அவருக்காகப் பத்திரிகைகள் எழுதின. ஸெயிண்ட் லூயி நகரத்துப் 'போஸ்ட் டிஸ்பாட்ச்' முன்னின்று எழுதியது. காங்கிரஸில் அவருக்கென்று தனி மசோதாக்கள் வந்தன. எல்லோரும் கேட்டது ஒன்றுதான்: "காரணத்தை வெளியில் சொல்லுங்கள்." கடைசியில் 1951 மார்ச்சில் விசாரணை நடந்தது. விசாரித்த குழு அப்போதும் அவருக்கு எதிராகத்தான் முடிவு செய்தது. ஆனால் ரகசியம் ஏட்டில் ஏறிவிட்டது. அதை ஆகஸ்டில் அப்பீல் சபை எடுத்துப் படித்துப் பார்த்தது. செவிவழிச் செய்தியைத் தவிர உருப்படியான சாட்சியம் அதில் இல்லை. 1951 நவம்பர் 2-ந் தேதி அட்டர்னி ஜெனரல் அவரை உள்ளே விடச் சம்மதித்தார். மூன்று வருஷமாக ஒரு பெண்ணைத் தடுத்து நின்ற மலை, வெளிச்சம் பட்டதும் வெறும் புகையாகப் போய்விட்டது.

இதிலிருந்து எனக்குத் தோன்றுவது இதுதான். மறுப்பின் பலம் அதன் காரணத்தில் இல்லை. காரணம் சொல்லாமல் இருப்பதில்தான் இருக்கிறது. அந்தப் பலம் இன்னும் குறையவில்லை. 2000-ம் வருஷம் டிசம்பரில், குடியேற்ற மனு முடிவாகும் வரையில் பிரிந்திருக்கும் தம்பதிகளுக்கென்று தனி விஸா ஒன்று ஏற்படுத்தினார்கள். நல்ல எண்ணந்தான். ஆனால் அந்த விஸாவும் மூல மனுவும் ஒரே வேகத்தில் நகர ஆரம்பித்ததால் அதற்குப் பெரும்பாலும் பயனில்லாமல் போயிற்று. 2015-லும், பிறகு 2024 ஜூன் 21-ந் தேதியும், கணவனுக்கு விஸா மறுக்கப்பட்ட இரண்டு மனைவிமார்களின் வழக்குகள் சுப்ரீம் கோர்ட்டுக்கு வந்தன. இருவரும் தோற்றார்கள். வேற்று நாட்டுக் கணவனை உள்ளே அழைத்து வருவது பிரஜையின் அடிப்படை உரிமை ஆகாது என்று இரண்டாவது வழக்கில் கோர்ட்டு சொல்லிவிட்டது.

அப்படியானால் காகிதம் மேல் காகிதமாக வாங்குகிறவர்கள் என்ன செய்வது? என் நண்பர் ஒருவரின் மகன் அமெரிக்கப் பிரஜை. இந்தோனேசியப் பெண்ணை மணந்தவன். அவளுக்குப் பார்வையாளர் விஸா மூன்று முறை மறுக்கப்பட்டது. மூன்றாவது முறை அந்தப் பெண், "என் முகத்தில் பொய் எழுதியிருக்கிறதா?" என்று கேட்டாளாம். கல்யாணம் ஆனதை மறைத்து மனுப் போடலாம் என்று யாரோ யோசனை சொன்னார்கள். நண்பரின் மனைவி அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. "மருமகளை நம்மாத்துக்கு வரவிடலைன்னா, நாம அவாத்துக்குப் போறது. சம்பந்தி வீட்டுக்குப் போக எனக்கு என்ன வெட்கம்?" என்று மகனை அழைத்துக்கொண்டு விமானம் ஏறிவிட்டாள்.

அந்த அம்மாள் சட்டம் படித்தவள் அல்ல. ஆனாலும் அவள் செய்தது சட்டப்படியும் சரி. மறுத்தவர்கள் மறுத்தபடியே இருந்தாலும், காலமும் நிலைமையும் மாறிய பிறகு புதிதாக மனுச் செய்யலாம். பார்வையாளர் விஸாவை விட்டுவிட்டு மனைவி என்ற உரிமையிலேயே குடியேற்றத்துக்கு மனுப் போடலாம். அது மெதுவான பாதை. அந்த மனுவே பார்வையாளர் விஸாவுக்கு இன்னும் இடைஞ்சல் ஆகக்கூடும். ஆனால் அந்தப் பாதையில் 'திரும்பிப் போவேன்' என்று யாரும் சத்தியம் செய்ய வேண்டாம். தங்கத்தான் வருகிறேன் என்று நிமிர்ந்து சொல்லலாம். தெரிந்தே சொன்ன ஒரு பொய்யோ, விசேஷ மன்னிப்புக் கிடைத்தாலொழிய, ஆயுள் முழுவதற்கும் வாசலை அடைத்துவிடும்.

மற்றொன்றையும் தம்பதிகள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். மூன்று நிமிஷத்தில் கொடுத்த காகிதம், சட்டத்தின் சந்தேகம் தீரவில்லை என்பதை மட்டுமே சொல்கிறது. உங்கள் கல்யாணத்தைப் பற்றியோ, உங்கள் நாணயத்தைப் பற்றியோ அது எதுவும் சொல்லவில்லை. அப்படிச் சொல்வதாக நினைத்துக்கொண்டு, "நீ சரியாகப் பதில் சொல்லவில்லை" என்று அவனும், "நீ சரியாக முயற்சி செய்யவில்லை" என்று அவளும் தொலைபேசியில் சண்டை பிடிக்க ஆரம்பித்தால், சர்க்கார் செய்யாத காரியத்தையும் அவர்களே செய்துகொள்கிறார்கள். ஒரு சட்டத்தால் இரண்டு பேரைக் கடலின் இரு கரைகளில் நிறுத்தி வைக்க முடியும். அதற்கு மேல் அவர்களைப் பிரிக்கும் சக்தி அதற்குக் கிடையாது.