டிலீட் பண்ணினால் போதுமா? ஒரு நாற்பது வருடக் கதை



போன கிழமை பழைய மாணவர் ஒருவர் கேட்டார்: "சேர், போனை விக்கப் போறன். போட்டோ எல்லாம் டிலீட் பண்ணிட்டன். இனிப் பயமில்லத்தானே?"

"பயம் இருக்கு" என்றேன். அவருக்குச் சொன்ன கதையை எல்லோருக்கும் பயன்படட்டும் என்று இங்கே எழுதுகிறேன்.

1981 இல் ஐபிஎம் நிறுவனத்தின் பெர்சனல் கம்ப்யூட்டர் வந்தது. அதை இயக்கிய டொஸ் மென்பொருளில் ஒரு ஃபைலை அழிக்கச் சொன்னால், ஃபைல் உண்மையில் அழியாது. பெயர்ப் பட்டியலில் அந்தப் பெயரின் முதல் எழுத்தை மாற்றி, 'இந்த இடம் இனிக் காலி' என்று கணினி குறித்துக்கொள்ளும். வகுப்பு இடாப்பில் ஒரு பெயரை வெட்டுவது போலத்தான். பெயர் போய்விடும், பிள்ளை கதிரையிலேயே இருக்கும். வேறொரு பிள்ளை வந்து அதில் உட்காரும்வரை எழும்பாது. அன்றைய டிஸ்க்குகள் மெதுவானவை. முழுவதையும் துடைக்க நேரம் போகும் என்பதால் இந்த வழி.

அடுத்த வருடமே பீட்டர் நோர்ட்டன் என்ற அமெரிக்கர், அழித்த ஃபைலை மீட்கும் மென்பொருளை விற்பனைக்கு விட்டார். தவறுதலாக அழித்தவர்களுக்கு அது பெரிய உதவி. ஆனால் நமக்கு மீட்க முடிந்தால் அடுத்தவருக்கும் முடியும் என்பதைப் பலர் யோசிக்கவில்லை.

வெள்ளை மாளிகையில் இருந்தவர்களே யோசிக்கவில்லை. ஈரானுக்கு இரகசியமாக ஆயுதம் விற்ற விவகாரம் 1986 இல் வெளியானபோது, ஒலிவர் நோர்த் என்ற அதிகாரி தன் மின்னஞ்சல்களை அழித்தார். பிரதி எடுத்து வைத்திருந்த நாடாக்களிலிருந்து விசாரணையாளர்கள் அவற்றை மீட்டார்கள்.

2003 இல் அமெரிக்காவின் எம்ஐடி மாணவர்கள் இருவர் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். பாவித்த ஹார்ட் டிஸ்க்குகள் 158 வாங்கினார்கள். அதில் 129 வேலை செய்தன. சரியாகத் துடைக்கப்பட்டிருந்தவை வெறும் 12! ஒன்று வங்கி ஏடிஎம் இயந்திரத்தில் இருந்தது.

பழைய பொருட்கள் கடல் தாண்டியும் போகும். 2009 இல் கனடாப் பல்கலைக்கழக மாணவர்கள் ஆபிரிக்காவின் கானாவில் 40 டொலருக்கு வாங்கிய ஒரு ஹார்ட் டிஸ்க்கில், அமெரிக்கப் பாதுகாப்பு ஒப்பந்த நிறுவனம் ஒன்றின் ஆவணங்கள் இருந்தன.

பிறகு போன் காலம். 2014 இல் அவாஸ்ட் நிறுவனம் பழைய அண்ட்ரொய்ட் போன்கள் 20 வாங்கிச் சோதித்தது. விற்றவர்கள் எல்லாம் அழித்துவிட்டதாக நம்பியவை அவை. 40,000 இற்கும் மேற்பட்ட படங்கள் மீண்டன. 1,500 இற்கும் மேல் பிள்ளைகள் இருக்கும் குடும்பப் படங்கள்.

இதற்குத் தீர்வாக வந்ததுதான் என்க்ரிப்ஷன். போனில் உள்ள அனைத்தும் பூட்டிய வடிவிலேயே பதியப்படும். ரீசெட் செய்தால் சாவி அழியும். சாவி இல்லாவிட்டால் மிஞ்சியிருப்பதை எவராலும் வாசிக்க முடியாது. ஐபோனில் 2009 இல் வந்த 3ஜிஎஸ் முதல் இது உண்டு. அண்ட்ரொய்டில் 2015 இல் வந்த 6ஆம் பதிப்பிலிருந்து, புதிதாக வெளியான பெரும்பாலான போன்களுக்குக் கட்டாயமானது.

ஆகவே விற்க முன்:

1. சிம்மையும் மெமரி கார்டையும் கழற்றுங்கள். பலர் மறப்பது மெமரி கார்டைத்தான்.

2. கூகுள் அல்லது அப்பிள் கணக்கிலிருந்து வெளியேறுங்கள். பிறகு ஃபெக்டரி ரீசெட் செய்யுங்கள். ஒவ்வொரு படமாக டிலீட் பண்ணுவது போதாது. பழைய அண்ட்ரொய்ட் என்றால் செட்டிங்ஸில் என்க்ரிப்ட் செய்துவிட்டு ரீசெட் செய்யுங்கள்.

3. கணினியை விற்றால் ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி வைத்துக்கொள்வதே சுலபம்.

4. திரை உடைந்த போனிலும் படங்கள் அப்படியே இருக்கும். திருத்தி ரீசெட் செய்யாமல் பழைய சாமான்காரரிடம் கொடுக்காதீர்கள். சுத்தியலால் அடிக்கவும் வேண்டாம், பட்டரி தீப்பிடிக்கும்.

நம் போனில் இருப்பது நம் படங்கள் மட்டுமல்ல. உம்மாவின், சகோதரிகளின், அடுத்த வீட்டுக் கல்யாணத்தின் படங்களும் இருக்கின்றன. அவர்கள் நம்மை நம்பித் தந்த அமானிதம் அது. போனை விற்கலாம், அதை விற்க நமக்கு உரிமையில்லை.

சந்தேகம் இருந்தால் விற்க முன் கொண்டு வாருங்கள். பாடசாலை விட்ட பிறகு சேர்ந்து பார்ப்போம், இன்ஷா அல்லாஹ்.