கண் முன்னே நெளிவது புழுவா, வெறும் நிழலா? எப்போது டாக்டரிடம் ஓட வேண்டும்?

கொல்கத்தாவை ஒட்டிய ஹவுராவில் இருக்கிறது சாந்த்ராகாச்சி. சென்னையிலிருந்து வங்காளத்துக்கு ரயிலில் போகிறவர்களுக்குப் பழக்கமான பெயர். ரயில் நிலையத்துக்குப் பக்கத்திலேயே ஒரு ஏரி. குளிர்காலத்தில் வலசை வரும் வாத்துகளைப் பார்க்க கேமராவும் பைனாகுலருமாகக் கூட்டம் சேரும்.

இப்படி வெளிச்சமான வானத்தை அண்ணாந்து பார்க்கும்போதுதான் பலர் முதன்முறையாக அதைக் கவனிப்பார்கள். ஒரு நூல், ஒரு புள்ளி, நெளிகிற ஏதோ ஒன்று. ஆபீஸில் வெள்ளை ஸ்கிரீனைப் பார்க்கும்போதும் இதே கதைதான். உடனே போனில் தேடினால், கண்ணிலிருந்து புழு எடுக்கும் வீடியோ வந்து நிற்கும். ‘ஐயோ, நமக்கும் புழுவோ?’ என்று தூக்கம் போய்விடும்.

இந்தப் புள்ளிகள் பெரும்பாலும் புழு அல்ல. ஆனால், பயப்பட வேண்டிய வேறு ஒரு விஷயம் இருக்கிறது.

அது உண்மையில் என்ன?

கண்ணின் உள்ளே ஏறக்குறைய 80 சதவீத இடத்தை ‘விட்ரியஸ்’ என்ற தெளிவான ஜெல் நிரப்பியிருக்கிறது. அதில் பெரும்பகுதி தண்ணீர், மீதி மெல்லிய கொலாஜன் இழைகள். வயது ஏற ஏற ஜெல் நீர்த்துப்போகும். இழைகள் ஒன்றோடொன்று ஒட்டித் திரளும். அந்தத் திரளின் நிழல் விழித்திரையில் விழுவதைத்தான் நாம் புள்ளியாகவும் நூலாகவும் பார்க்கிறோம். ஆங்கிலத்தில் இதன் பெயர் ஃப்ளோட்டர்ஸ்.

அப்போ ஏன் உயிருள்ள மாதிரி நகர்கிறது?

இழைகள் மிதப்பது அசையும் ஜெல்லுக்குள். கண்ணைத் திருப்பினால் ஜெல் சற்றுத் தாமதமாகப் பின்னால் வரும். அதனால்தான் நேராகப் பார்க்கப் போனால் நழுவி ஓடும். கண்ணை நிறுத்தினால் மெதுவாக மிதந்து அடங்கும்.

நீல வானத்தில் மின்னி மின்னி ஓடும் குட்டி வெள்ளைப் புள்ளிகள் வேறு. விழித்திரையின் நுண்ணிய ரத்தக் குழாய்களில் ஓடும் வெள்ளை அணுக்களால் தெரிபவை அவை. எல்லோருக்கும் இயல்பானது.

முப்பது வயதிலேயே வருவது ஏன்?

மைனஸ் பவர் கண்ணாடி போடுகிறவர்களின் கண், முன்னும் பின்னுமாகச் சற்று நீண்டிருக்கும். அதனால் அவர்களுக்கு ஜெல் சீக்கிரம் நீர்த்துப்போகிறது. பவர் அதிகமாக இருந்தால் விழித்திரையும் மெலிந்திருக்கும். ஸ்கிரீன் பார்ப்பதால் ஃப்ளோட்டர்ஸ் உருவாவதில்லை. வெள்ளைப் பின்னணியில் அவை பளிச்சென்று தெரிகின்றன, அவ்வளவுதான்.

கண்ணில் ஒட்டுண்ணி வரவே வராதா?

அரிதாக வரும். நம்ம ஊரிலேயே பதிவான உதாரணங்கள் உண்டு.

2004-05ல் கோவையில் டாக்ஸோபிளாஸ்மா என்ற ஒரு செல் ஒட்டுண்ணியால் நூற்றுக்கும் மேற்பட்டோருக்கு விழித்திரையில் அழற்சி ஏற்பட்டது. பலர் ஒரே நீர்த்தேக்கத்தின் தண்ணீரைக் குடித்தவர்கள் என்பதால், குடிநீர் மீது மருத்துவர்களின் சந்தேகம் விழுந்தது. இந்த நோயிலும் புள்ளிகள் மிதக்கும். ஆனால், அவை ஒட்டுண்ணி அல்ல, அழற்சியால் கசிந்த செல்கள். கூடவே பார்வை மங்கும்.

தென் தமிழகக் கிராமங்களில் குளத்தில் குளித்த சிறுவர்களின் கண்களில் தட்டைப்புழுவால் சிறு கட்டிகள் வந்ததை மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை மருத்துவர்கள் 2000-களின் தொடக்கத்தில் ஆய்விதழ்களில் எழுதினார்கள். அந்தச் சிறுவர்களின் பிரச்னை சிவந்த கண்ணும் கட்டியும்தான்.

கேரளத்தில் பலமுறை பதிவான டைரோஃபைலேரியா, நாயிடமிருந்து கொசு வழியாக மனிதருக்கு வரும் புழு. அது கண்ணின் வெள்ளைப் பகுதியில் ஊர்வதை எதிரில் இருப்பவரே பார்த்துவிடலாம். வைரல் வீடியோக்களில் வருவது பெரும்பாலும் இந்த வகைதான். அறுவை சிகிச்சையில் எடுத்துவிடுகிறார்கள்.

நாடாப்புழுவின் நீர்க்கட்டி கண்ணுக்குள்ளேயே வளர்வதும் உண்டு. அசுத்தமான உணவு, தண்ணீரில் உள்ள முட்டைகள் மூலம் பரவுவதால், சைவம் சாப்பிடுகிறவர்களுக்கும் வரலாம். அதற்கும் பார்வைக் குறைவு, வலி, சிவப்பு போன்ற அறிகுறிகள் இருக்கும்.

எதற்கும் ஒரு பூச்சி மாத்திரை போட்டுக்கலாமா?

கூடாது. ஃப்ளோட்டர்ஸை அல்பென்டசோலோ ஐவர்மெக்டினோ கரைக்காது. கண்ணுக்குள் உண்மையிலேயே நீர்க்கட்டி இருந்தால் ஆபத்து இன்னும் அதிகம். மருந்தால் புழு சாகும்போது கடுமையான அழற்சி ஏற்பட்டு பார்வையே போகலாம்.

அப்போ எதற்குப் பயப்பட வேண்டும்?

சில நேரம் ஜெல் விழித்திரையிலிருந்து பிரியும்போது அதை இழுத்துக் கிழித்துவிடும். கிழிசல் வழியாக நீர் புகுந்தால் விழித்திரை கழன்றுவிடும். இது வலிக்கவே வலிக்காது. அதனால்தான் பலர் தள்ளிப்போடுகிறார்கள். இவற்றில் ஒன்று இருந்தாலும் அன்றே கண் மருத்துவரைப் பாருங்கள்:

• திடீரென்று ஏராளமான புள்ளிகள், கரித்தூள் கொட்டியது போல
• இருட்டிலும் ஓரத்தில் மின்னல் வெட்டுவது
• பார்வையின் ஒரு பக்கம் திரை விழுந்தது போல மறைவது
• கண்ணில் அடிபட்ட பிறகு, அல்லது அறுவை சிகிச்சைக்குப் பிறகு வரும் புதிய புள்ளிகள்
• வலி, சிவப்பு, மங்கல்

புதிதாகப் புள்ளிகளோ மின்னலோ தெரிந்து, ஜெல் பிரிந்திருப்பதும் உறுதியானவர்களில் சுமார் 14 சதவீதம் பேருக்கு விழித்திரைக் கிழிசல் இருந்ததாக ஆய்வுகளின் தொகுப்பு ஒன்று சொல்கிறது. கிழிசல் நிலையிலேயே கண்டுபிடித்தால் லேசரால் ஒட்டிவிட்டு அன்றே வீட்டுக்குப் போகலாம். கழன்ற பிறகு என்றால் பெரிய ஆபரேஷன்.

பரிசோதனையில் என்ன செய்வார்கள்?

சொட்டு மருந்தால் கண்மணியை விரித்து விழித்திரையின் ஓரம்வரை பார்ப்பார்கள். தேவைப்பட்டால் அல்ட்ராசவுண்ட் ஸ்கேன். சில மணி நேரம் பார்வை கூசும், பைக்கை எடுக்காதீர்கள். போவதற்கு முன் ஒவ்வொரு கண்ணாக மூடிப் பார்த்து, எந்தக் கண், எப்போதிலிருந்து என்று குறித்துக்கொள்ளுங்கள்.

பல மாதமாக அதே ஒன்றிரண்டு புள்ளிகள்தான், பார்வை தெளிவு, பரிசோதனையும் சரி என்றால் சிகிச்சை தேவையில்லை. மூளை மெல்ல அதைக் கண்டுகொள்ளாமல் விட்டுவிடும். ஜெல்லையே அகற்றும் ஆபரேஷன் உண்டு. ஆனால், கண்புரை, விழித்திரை கழல்வது போன்ற ஆபத்துகள் இருப்பதால் பார்வையை மிகவும் தொந்தரவு செய்தால் மட்டுமே யோசிப்பார்கள்.

கொல்கத்தாவில் வேலை பார்க்கிறீர்கள் என்றால் இதற்காக சென்னைக்கு ரயில் பிடிக்க வேண்டாம். கொல்கத்தா மருத்துவக் கல்லூரியில் அரசின் மண்டல கண் மருத்துவ நிலையம் இருக்கிறது. முகுந்தபூரில் சங்கர நேத்ராலயாவின் கிளையும் உண்டு. சென்னையில் இருப்பவர்களுக்கு எழும்பூர் அரசு கண் மருத்துவமனை. அறிகுறி தெரிந்தால், வார இறுதி வரை காத்திருக்காமல் பக்கத்தில் இருக்கும் கண் மருத்துவமனைக்கு முதலில் போய்விடுங்கள்.