அச்சுத்துளையும் சுகமும்

ஆன்மிகச் சொற்பொழிவுகளிலும் யோக வகுப்புகளிலும் ஒரு சொல்விளக்கம் பல காலமாகச் சுற்றி வருகிறது. ‘சுகம்’ என்றால் நல்ல அச்சுத்துளை. ‘துக்கம்’ என்றால் பழுதான அச்சுத்துளை. ஆகவே வாழ்க்கை துக்கமயமானது என்று புத்தர் கூறியபோது, அச்சில் சரியாகப் பொருந்தாமல் ஆடும் சக்கரத்தையே மனத்தில் கொண்டிருந்தார் என்று அவ்விளக்கம் முடியும். கேட்பதற்கு இனிய செய்தி. இதில் பாதி பெரும்பாலும் உண்மை, மறுபாதி ஐயத்திற்குரியது. இரண்டையும் பிரித்துப் பார்க்காமல் ஒன்றாக விழுங்கியதால், உண்மையான பாதிக்குரிய வரலாறு கவனம் பெறாமலே போய்விட்டது.

முதலில் சுகத்தை எடுத்துக்கொள்வோம். வடமொழியில் இச்சொல்லை ‘ஸு’, ‘க’ என இரண்டாகப் பிரிப்பர். முன்னது ‘நல்ல’ என்னும் பொருள் தருவது. பின்னது ககர வருக்கத்தின் இரண்டாம் எழுத்து; துளை, குழி, வெளி என்று பொருள்படும். ஆகாயத்தைக் குறிக்கும் சொல்லும் இதுவே. ருக்வேதத்தில் ‘சுக’ என்பது மனநிலையின் பெயராக வருவதில்லை. தேருக்கு அடையாக வருகிறது. முதல் மண்டலத்தின் 20ஆம் சூக்தத்தில் ரிபுக்கள் என்னும் தெய்வத் தச்சர்கள் அசுவினி தேவர்களுக்கு அத்தகைய தேர் ஒன்றைச் செய்து தருகிறார்கள். பத்தாம் மண்டலத்தின் 75ஆம் சூக்தத்தில் சிந்து நதியே அத்தகைய தேரில் குதிரைகளைப் பூட்டிக்கொண்டு விரைகிறாள். ‘எளிதில் ஓடும்’ என்பதே இவ்விடங்களில் பொருந்தும் பொருள்.

அந்தத் துளை தேரின் துளைதானா என்று கேட்போருக்கு எட்டாம் மண்டலத்தின் 91ஆம் சூக்தம் உதவும். அபாலை என்னும் பெண்ணின் தோல்நோயைப் போக்க, தேரின் துளை, வண்டியின் துளை, நுகத்தின் துளை ஆகிய மூன்றிலும் இந்திரன் அவளைத் தூய்மை செய்கிறான். அவள் மேனி கதிரவன் நிறம் பெறுகிறது. மூன்று இடத்தும் அதே ‘க’ ஆளப்பட்டுள்ளது. ஆகவே வண்டியின் உறுப்பைக் குறிக்கும் தொழிற்சொல்லாக அது வழங்கியதில் ஐயமில்லை. தேரின் துளை என்றால் சக்கரத்தின் குடத்தில் அச்சு நுழையும் துளையே முதலில் நினைவுக்கு வரும்.

இவ்வளவு சிறிய உறுப்புக்கு ஏன் இவ்வளவு மதிப்பு? ஆரங்கள் பாரத்தைப் பகிர்கின்றன. வட்டை நிலத்தைத் தொடுகிறது. ஆனால் தேய்மானம் முழுவதும் நடப்பது குடத்துக்குள்ளேதான். மரக்குடத்துக்குள் மர அச்சு உராயும் வண்டியில் துளை சற்றே அகன்றால் சக்கரம் ஆடும். இறுகினால் மாடு திணறும். மை வற்றினால் ஓலமிடும், பிறகு சூடேறும், பிறகு கரியும். ஆற்றைக் கடந்த வண்டிக்கு இன்னொரு தொல்லையும் உண்டு. நீர் மையைக் கழுவிக்கொண்டு போய்விட்டு, அதன் இடத்தில் மணலை வைத்துச் செல்லும். கடையாணியைக் கழற்றி, சக்கரத்தை வெளியே இழுத்து, பழைய கசடைத் துடைத்துப் புதிய மையிடுவது வண்டிக்காரனின் ஓயாத வேலை. சக்கரத்தைக் கண்டுபிடித்தவர்களைப் பற்றி நூலகம் நிறைய நூல்கள் உண்டு. அதற்கு மையிட்டவர்களைப் பற்றி ஏறக்குறைய ஒன்றுமில்லை. அவர்கள் வேலையைத் தேட வேண்டிய இடம் பழைய நூல்களின் உவமைகள்தாம்.

அவற்றுள் தலையாயது தீர்க்கதமஸ் முனிவருடையதாகச் சொல்லப்படும் முதல் மண்டல 164ஆம் சூக்தத்தில் உள்ளது. உலகங்கள் எல்லாம் ஏறி நிற்கும் ஐந்து ஆரச் சக்கரம் ஒன்றைக் கவிஞர் வருணிக்கிறார். அதன் பெருமையாக அவர் எடுத்துக்கூறுவது அதன் வேகத்தையோ ஒளியையோ அன்று. இத்தனை பாரம் சுமந்தும் அதன் அச்சு சூடேறுவதில்லை, தொன்றுதொட்டுச் சுழன்றும் குடத்தோடு முறிந்து விழுவதில்லை என்கிறார். பாரம் ஏறினால் அச்சு சூடாகும் என்பதை நன்கு அறிந்த சமூகத்தில்தான் இவ்வரி வியப்பைத் தரும். காலச்சக்கரத்தின் தெய்வத்தன்மைக்கு அவர் கண்ட சான்று, அதற்குப் பராமரிப்பே தேவையில்லை என்பது!

அந்தச் சூடு இன்றும் அதே செய்தியைத்தான் சொல்கிறது. ரயில் நிலையத்தைக் கடந்து செல்லும் வண்டியில் ‘ஹாட் ஆக்சில்’ தென்படுகிறதா என்று ஊழியர்கள் கண்காணிப்பது இதனால்தான். ரயில் அச்சுகளின் உராய்வை ஆராய்ந்த பீச்சம்ப் டவர் என்னும் ஆங்கிலப் பொறியாளர், தாங்கியின் மேற்புறத்தில் இட்ட துளையை ஒரு கட்டையால் அடைத்தார். உள்ளிருந்த எண்ணெய் அக்கட்டையை வெளியே தள்ளியது. பாரத்தைத் தாங்குவது உலோகமன்று, இடையிலுள்ள எண்ணெய்ப் படலமே என்பது 1883இல் இவ்வாறு வெளிப்பட்டது. ஆஸ்பர்ன் ரெனால்ட்ஸ் 1886இல் அதற்குக் கணிதம் வகுத்தார். 1898இல் டிம்கன் காப்புரிமை பெற்ற கூம்புருளைத் தாங்கி இன்று படகேற்றும் டிரெய்லர்களிலும் உள்ளது. நெடுந்தொலைவு ஓடிச் சூடான குடத்தோடு டிரெய்லரைப் பின்னோக்கி நீரில் இறக்கினால், குடம் சட்டெனக் குளிர்ந்து உள்ளிருக்கும் காற்று சுருங்கும். தேய்ந்த சீல் வழியே நீரை உறிஞ்சிக்கொள்ளும். கிரீஸ் பால்போல் வெளுத்திருந்தால் நீர் புகுந்துவிட்டது என்று பொருள். ஆகவே அனுபவமுள்ளவர்கள் வழியில் நிறுத்திக் குடத்தைத் தொட்டுப் பார்ப்பார்கள். நீரில் இறக்குமுன் ஆறவிடுவார்கள். ஆற்றைக் கடந்த மாட்டுவண்டியின் தொல்லை அங்கும் தீர்ந்தபாடில்லை.

மையிடுதல் வேள்விச் சடங்கிலும் இடம்பெற்றது. சோமவேள்வியில் ஹவிர்தானம் எனப்படும் இரு வண்டிகளை நகர்த்துமுன், வேள்வித் தலைவனின் மனைவி அவற்றின் அச்சில் நெய் பூசவேண்டும் என்று பிராமண நூல்கள் விதிக்கின்றன. மீறி அச்சு கிரீச்சிட்டால் அந்த ஒலிக்குப் பரிகாரமாக மந்திரமும் உண்டு. பட்டறை வேலை ஒன்று மந்திரத்தோடு நூலில் ஏறியதால்தான் அதைச் செய்தவர் ஒரு பெண் என்பதும் நமக்குத் தெரிகிறது.

இனி மறுபாதி. ‘துக்க’ என்னும் சொல் ருக்வேதத்தில் இல்லை. எந்தத் தேரையும் அது அங்கே பழிக்கவில்லை. பிருகதாரணியக உபநிடதத்தில் அது வரும்போதே துன்பம் என்னும் பொருளோடுதான் வருகிறது. ‘துஸ்’ முன்னொட்டோடு அதே துளைச்சொல் சேர்ந்தது என்று இலக்கண ஆசிரியர்கள் பிரித்தனர். மோனியர் வில்லியம்ஸ் அகராதியோ ‘நிலை கெட்டது’ எனப் பொருள்படும் ‘துஸ்த’ என்பதன் பிராகிருதத் திரிபாக இருப்பதே கூடுதல் பொருத்தம் என்று குறிக்கிறது. சுகத்துக்கும் அத்தகைய மாற்றுவழி இருக்கலாம் என்கிறது. ஆயினும் சுகத்தின் பக்கம் தேர் நிற்கிறது. துக்கத்தின் பக்கம் ஒரு சக்கரமும் இல்லை. சுகம் தேரிலிருந்து இறங்கி மனத்துக்குள் குடியேறிய பிறகு, அதற்கு எதிர்ச்சொல்லாகத் துக்கம் அமைந்தது என்று கொள்வதே சான்றுகளுக்கு நெருக்கமானது.

புத்தர் பெயரால் வழங்கும் சூத்திரங்களுள் இதற்கு ஒரு நல்ல சோதனைக்களம் உண்டு. சம்யுத்த நிகாயத்தில் தேருவமைச் சூத்திரம் என்று ஒன்று. மூன்று பண்புகள் உடைய பிக்கு சுகம் மிக வாழ்வான் என்று அது தொடங்குகிறது. அம்மூன்றுள் ஒன்று அளவறிந்து உண்ணல். புண் ஆறுவதற்காக மருந்திடுவது போலவும், சுமையைக் கொண்டுசேர்ப்பதற்காக மட்டும் அச்சுக்கு மையிடுவது போலவும் பிக்கு உணவு கொள்ளவேண்டும் என்கிறது. சுகம், தேர், அச்சு, மை ஆகிய நான்கும் ஒரே சூத்திரத்தில் வந்தும், சுகத்தின் வேர் அச்சுத்துளை என்று அது எங்கும் சுட்டவில்லை. சொற்களைப் பிரித்து விளையாடத் தயங்காத மரபு அது. அக்காலத்தில் சொல்லின் பழம்பொருள் மறைந்துவிட்டது, மையிடும் பழக்கமோ கேட்போர் அனைவரும் அறிந்ததாக இருந்தது என்றே இதிலிருந்து ஊகிக்கலாம்.

தமிழிலும் இதன் தடங்கள் உண்டு. புறநானூற்றின் 102ஆம் பாடலில் ஔவையார், அதியமான் மகன் பொகுட்டெழினியை உப்புவணிகர் வண்டியின் அடியில் கட்டிச் செல்லும் சேம அச்சுக்கு ஒப்பிடுகிறார். மேட்டிலும் பள்ளத்திலும் என்ன நேருமோ என்று அஞ்சுவோர் எடுத்துச்செல்லும் மாற்று அச்சு அது. வைக்கோற்கரியை விளக்கெண்ணெயில் குழைத்து அச்சுக்கு இட்ட வண்டிமைக்கு ‘மசகு’ என்றும் பெயர். மாட்டுவண்டி அருகிவிட்டது. மசகு மட்டும் ‘மசகெண்ணெய்’ ஆகிப் பாடநூல்களில் உலவுகிறது. மலையாளத்தில் ஒருவரை ஒருவர் காணும்போதெல்லாம் ‘சுகமாணோ’ என்று கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.