கணினித் தமிழும் பொது வாயிலும்



2002-ஆம் ஆண்டில் நான் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி மாணவி. பன்னிரண்டு பக்கக் கட்டுரையொன்றைத் தமிழில் தட்டெழுதி, நெகிழ்வட்டில் பதிந்து, குளுவாங்கில் ஓர் அச்சகத்திற்கு எடுத்துச் சென்றேன். அங்குள்ள கணினியில் திறந்தபோது தமிழைக் காணோம். ஆங்கில எழுத்தும் கேள்விக்குறியும் கலந்து ஏதோ வந்தது. "உங்க ஃபான்ட் வேற, நம்ம ஃபான்ட் வேற, டீச்சர்" என்றார் அச்சகத்தார். பன்னிரண்டு பக்கத்தையும் அங்கேயே அமர்ந்து மீண்டும் அடித்தேன்.

அன்று தமிழ் அறிந்த கணினிகள் ஒன்றையொன்று அறியாதிருந்தன. அவை எவ்வாறு ஒரு நெறிக்கு வந்தன என்பதே இன்றைய உரையின் பொருள்.

கணினிக்கு எண் மட்டுமே தெரியும். 'க' என்பதற்கு ஓர் எண், 'ங' என்பதற்கு ஓர் எண் என்று நாம்தான் ஒதுக்கித் தரவேண்டும். பழைய எழுத்துருக்களில் இருந்தவை 256 இடங்கள். பாதியை ஆங்கிலத்திற்கு விட்டால் தமிழுக்கு எஞ்சுபவை 128. அவற்றில் ஒவ்வொருவரும் தம் விருப்பப்படி எழுத்துகளை அடுக்கினர். எழுத்துரு, விசைப்பலகை, எழுதும் மென்பொருள் மூன்றும் ஒரே பொட்டலமாக விற்பனையாயின. பொதுவான அடுக்குமுறையை ஏற்றால் வாடிக்கையாளர் அடுத்த கடைக்குப் போய்விடுவாரே என்ற அச்சம் இருந்தது. அவர்களை நான் குறைகூற மாட்டேன். அரசு ஆதரவின்றிக் கைப்பொருளைச் செலவிட்டுத் தமிழைத் திரையில் ஏற்றியவர்கள் அவர்கள். நம் நாட்டின் முத்து நெடுமாறன் 1980-களிலேயே முரசு மென்பொருளைத் தொடங்கியவர்.

1997 மே மாதம் சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி முதலானோர் முயற்சியால் முதல் தமிழ் இணைய மாநாடு கூடியது. 1999 பிப்ரவரியில் சென்னையில் அடுத்தது. இதற்கிடையே பல நாட்டுத் தன்னார்வலர்கள் மின்னஞ்சல் வழியே விவாதித்துத் 'திஸ்கி' என்னும் குறியாக்கத்தை உருவாக்கினர். சென்னை மாநாட்டின் விளைவாகத் 'தாப்', 'தாம்' என்பவை வந்தன. ஆகப் பொதுமுறை வேண்டுமென்று கூடியவர்களுக்குப் பொதுமுறைகளே மூன்றாயின! இருப்பினும் அம்மாநாடுகள் வீண் போகவில்லை. தமிழ்99 விசைப்பலகை அங்கிருந்து வந்ததுதான். 2000-இல் சிங்கப்பூரில் உத்தமம் அமைப்பும் பிறந்தது. 2001-இல் கோலாலம்பூரில் மாநாடு கூடியது.

இவற்றுக்கெல்லாம் முன்பே, 1991-இல், யூனிகோடு தமிழுக்கென 128 இடங்களை ஒதுக்கியிருந்தது. இந்திய அரசின் இஸ்கி முறையை அடியொற்றிய அந்த ஒதுக்கீட்டில் உயிர்மெய் ஒவ்வொன்றுக்கும் தனி இடம் இல்லை. இது நம்மவர் பலருக்கு மனக்குறை. அதில் நியாயமும் உண்டு.

பழைய எழுத்துருவில் 'கெ' எழுதினால் முதலில் கொம்பு, பிறகு 'க' என்று கண்ணுக்குத் தெரியும் வரிசையிலேயே பதிவாகும். யூனிகோட்டிலோ முதலில் 'க', பின்னரே கொம்பு. கொம்பை இடப்புறம் நகர்த்திக் காட்டும் வேலையை வேறொருவர் செய்தாக வேண்டும். அவ்வேலையை மைக்ரோசாப்ட் நிறுவனத்தின் யூனிஸ்கிரைப் மேற்கொண்டது. 2000-ஆம் ஆண்டு விண்டோஸில் அது தமிழையும் ஏற்றது. லதா என்ற எழுத்துருவும் உடன் வந்தது.

யூனிஸ்கிரைப் போன்றவற்றுக்கு ஏபிஐ என்னும் பொது வாயில் உண்டு. தோட்டத்து வீடுகளுக்கு மின்சாரம் வந்ததை நினைத்துக்கொள்ளுங்கள். விளக்கு வாங்குபவர் மின்நிலையம் கட்டுவதில்லை. சுவரிலுள்ள துளைக்குப் பொருந்தும் பிளக் இருந்தால் போதும். அதுபோல, மென்பொருள் எழுதுபவர் வகுத்த முறைப்படி அழைத்தால், கொம்பை எங்கே வைப்பது என்ற கவலையை விண்டோஸ் ஏற்றுக்கொள்ளும். தமிழே அறியாத ஒருவர் எழுதிய மென்பொருளிலும் தமிழ் ஒழுங்காகத் தெரியும்.

இவ்வளவு நன்மை இருந்தும் நிரலர்கள் உடனே வந்துவிடவில்லை. யூனிகோட்டுக்கான அழைப்புகளில் பெரும்பாலானவை விண்டோஸ் 95, 98 ஆகியவற்றில் இயங்கா. வாடிக்கையாளர் பலரிடம் இருந்தவை அவைதாம். பழையவரைக் கைவிட்டுப் புதிய வாயிலுக்கு எந்த நிரலர் வருவார்? இதையுணர்ந்து, அதே அழைப்புகள் பழைய விண்டோஸிலும் இயங்குவதற்கான துணைநிரலை மைக்ரோசாப்ட் 2001-இல் வெளியிட்டது. அறிவுரையைவிட இத்தகைய உதவியே நிரலரை இழுக்கும் என்பது என் எண்ணம்.

தமிழ்த் தொண்டர்களும் அவ்வழியே சென்றனர். எ-கலப்பை இலவசமாகக் கிடைத்தது. திஸ்கியிலும் எழுதலாம், யூனிகோட்டிலும் எழுதலாம். பொங்குதமிழ் போன்ற மாற்றிகள் பழைய எழுத்தைப் புதிய எழுத்தாக்கித் தந்தன. கையிலுள்ளதை இழக்க வேண்டியதில்லை என்று தெரிந்தபின் மக்கள் தாமாகவே மாறினர். தமிழக அரசு யூனிகோட்டை ஏற்று ஆணையிட்டது 2010-இல்தான். வலைப்பதிவர்கள் அதற்குப் பல ஆண்டுகள் முன்பே அங்கு வந்து சேர்ந்திருந்தனர்.

அச்சுலகம் மட்டும் பின்தங்கியது. அச்சகங்களின் பேஜ்மேக்கர், கடைசிப் பதிப்பு வரையிலும் யூனிகோட்டை ஏற்கவில்லை. அதற்குப் பின்வந்த இன்டிசைன் தமிழை முறைப்படி ஏற்றது 2012-இல் வெளியான பதிப்பில். அதனால் நூல்கள் நெடுங்காலம் பழைய எழுத்துருக்களிலேயே கோக்கப்பட்டன.

இன்று என் ஐந்தாம் ஆண்டு மாணவர்கள் கைப்பேசியில் தமிழில் எழுதி அனுப்புகிறார்கள். எந்த எழுத்துரு என்று ஒருவரும் கேட்பதில்லை. என்னிடம் பயிற்சிக் கல்லூரிக் காலத்து நெகிழ்வட்டுகள் நான்கு இருந்தன. சென்ற பள்ளி விடுமுறையில் அவற்றைப் படிக்கும் கருவியொன்றை இரவல் வாங்கி, கோப்புகளை மாற்றியில் இட்டேன். மூன்று வட்டுகளில் இருந்தவை தமிழாயின. நான்காவதில் இருப்பவை எந்த எழுத்துருவில் அடித்தவை என்று இன்னும் பிடிபடவில்லை. பால்மரம் வெட்டிய காலத்தைப் பற்றி என் தந்தையார் சொல்லச் சொல்ல நான் எழுதியவை அதில்தான் உள்ளன.