கிணற்றடி வாழை

கல்முனைப் பகுதியின் சரித்திரத்தை எழுதப் புகுவோர் நெல்லைப் பற்றி எழுதுவர். மருதமுனைத் தறிகளைப் பற்றியும் கடற்றொழிலைப் பற்றியும் எழுதுவர். கிணற்றடியிலே நிற்கும் வாழையை எவரும் ஏறிட்டுப் பார்ப்பதில்லை. நிலம் யாருக்குச் சொந்தம் என்னும் கேள்வியோடு இக்கரையோரத்தில் நடப்போமாயின், நாம் முதலில் நிற்க வேண்டிய இடம் அந்த வாழையடிதான்.

வயல் போடியாருடையது, உழைப்பு வயற்காரனுடையது. குத்தகை விவசாயிக்கு நிலத்திலே நிலையான உரிமை தேடி பிலிப் குணவர்த்தன கொண்டுவந்த நெற்காணிச் சட்டம் 1958இலேதான் நிறைவேறியது. அதன் பின்பும் நாட்டின் பல பாகங்களில் குத்தகைக்காரர் வெளியேற்றப்பட்டனர். ஆனால் வளவிலே காய்த்த வாழைக்குலையில் போடியாருக்குப் பங்கில்லை.

அவ்வளவும் பெண்ணுக்கு உரியது. இக்கரையோரத்து முஸ்லிம்களிடையிலும் தமிழர்களிடையிலும் வீடும் வளவும் மகளுக்கே சீதனமாகச் செல்கின்றன. மாப்பிள்ளைதான் பெண்வீட்டுக்கு வந்து குடியேறுகிறான். ஆகவே உம்மா நட்ட வாழையின் குட்டி மகளின் வாழையாகிறது. இவ்வழக்கத்தை நாம் போற்றிப் பாட வரவில்லை. மகளுக்கொரு வீடு கட்டுவதற்காகத் தகப்பனும் சகோதரரும் ஆயுள் முழுதும் உழைத்துத் தேய்வதையும் நாம் அறிவோம். எனினும் ஒரு பெண் தன்னுடையதென்று சொல்லக்கூடிய மண் இங்கே இருந்தது என்பது சிறிய செய்தியன்று.

அம்மண்ணோ வெறும் மணல்; நீரை நிறுத்தி வைக்காது. ஆதலால் குளித்த நீரும் பாத்திரம் கழுவிய நீரும் ஓடிச் சேருமிடத்தில் வாழையை வைத்தனர். அடுப்புச் சாம்பலும் குப்பையும் உரமாயின. ஒரு தாய், ஒரு மகள், ஒரு பேத்தி என மூன்றை மட்டும் விட்டு, மற்றக் குட்டிகளைக் களைவதே முறை. அகன்ற இலைக் குட்டி பார்வைக்குச் செழிப்பாயிருக்கும். ஆனால் ஈட்டிபோலக் குறுகிய இலையுடைய குட்டியே நல்ல குலை தரும். கடைசிச் சீப்பு விரிந்தபின் ஒடிக்கும் பொத்தி கறியாகும். குலை வெட்டிய தண்டைத் துண்டாக்கி அடியிலேயே போட்டால் அதன் சத்து மகளுக்குச் சேரும்.

உண்ணும் வாழைக்கு வித்தில்லை. கைக்குக் கை மாறியே அது உலகைச் சுற்றியது. நியூகினியின் குக் சதுப்பு நிலத்திலே சுமார் 7000 ஆண்டுகளுக்கு முன்பே வாழை பயிரிடப்பட்டதற்குச் சான்று கிடைத்துள்ளது. 1753இல் லின்னேயஸ் வழங்கிய ‘மூசா’ என்னும் பெயர் ‘மவ்ஸ்’ என்னும் அரபுச் சொல்லிலிருந்து வந்ததென்பர். கைம்மாற்றுக்கு ஆபத்தும் உண்டு. இலைகள் குறுகி உச்சியிலே கொத்தாகத் திரளும் முடிக்கொத்து நோய் 1913இலேயே இலங்கையில் காணப்பட்டது. அசுவுணிப் பூச்சி பரப்பும் அந்நோய்க்கு மருந்தில்லை. கிழங்கோடு தோண்டி அழிக்க வேண்டும். அயல்வீட்டார் அன்போடு தரும் குட்டியும் அதைக் கொண்டுவரலாம்.

இதே கனி மத்திய அமெரிக்காவில் என்ன செய்தது? 1899இல் தோன்றிய யுனைட்டட் புரூட் கம்பனி நாடுகளையே தோட்டங்களாக்கியது. 1928 டிசம்பரில் கொலம்பியாவின் சியனாகாவில், வேலைநிறுத்தம் செய்த அதன் தொழிலாளர்மீது இராணுவம் சுட்டது. 1954இல், அக்கம்பனியின் தரிசு நிலங்களை விவசாயிகளுக்குப் பங்கிட்ட குவாத்தமாலா அரசு கவிழ்க்கப்பட்டது. அங்கும் இங்கும் மரம் ஒன்றே. நிலம் இருந்த கைதான் வேறு.

2004 டிசம்பர் 26இல் கடல் வந்தது. அம்பாறை மாவட்டத்தில் மட்டும் பல்லாயிரவர் மாண்டனர். கிணறுகளில் உப்பேறியது. வாழை உப்பைத் தாங்காது. இலையோரம் கருகிச் சாகும். உப்பைக் கழுவ மாரிமழை வேண்டியிருந்தது. மழை பெய்தாலும் வளவுக்குத் திரும்ப எல்லோருக்கும் அனுமதியில்லை. வடகிழக்கிலே கரையிலிருந்து 200 மீட்டருக்குள் வீடு கட்டலாகாதென்று அரசு முதலில் விதித்திருந்தது. தெற்கிலும் மேற்கிலும் அது 100 மீட்டர்தான். ஏன் இந்த வேற்றுமை?

புதுக் காணியும் வீடும் வழங்கியபோது ‘குடும்பத் தலைவர்’ யாரென்று அதிகாரிகள் கேட்டனர். பல இடங்களில் கணவனின் பெயரே பதிவாயிற்று. தாய்வழியாக வந்த வளவுக்குப் பதிலாகக் கிடைத்த மண் இவ்வாறு ஒரு கையெழுத்திலே ஆணுக்கு மாறியது. கிழக்கின் பெண்கள் அமைப்புகள் இதனை எதிர்த்தன. உறுதியிலே மனைவியின் பெயரும் இருக்க வேண்டுமெனக் கோரின.