வெயில் வராத வீட்டிலும் வளரும் ஸ்நேக் பிளான்ட்... தண்ணீர் ஊற்றியே சாகடிக்காதீங்க!

ஜன்னலைத் திறந்தால் பக்கத்து வீட்டுச் சுவர். பால்கனி முழுக்கத் துணிக்கொடி. இப்படியான வீட்டில் இருப்பவர்கள் செடி கேட்டுப் போனால், நர்சரியில் பெரும்பாலும் எடுத்துத் தருவது ஸ்நேக் பிளான்ட்தான். 'இது சாகவே சாகாது' என்று சொல்லித்தான் கொடுப்பார்கள். ஆனால், சில மாதங்களிலேயே அடி அழுகி, இலை சாய்ந்து விடுகிறது. எங்கே தப்பு நடக்குது?

எந்த ஊர்ச் செடி இது?

ஸ்நேக் பிளான்ட்டின் சொந்த ஊர் நைஜீரியா, காங்கோ உள்ளிட்ட ஆப்பிரிக்கப் பகுதிகள். டிரசீனா டிரைஃபேசியேட்டா என்பது தாவரவியல் பெயர். சான்செவீரியா என்ற பழைய பெயரிலும் விற்பார்கள். நம்மூரில் நாருக்குப் பேர்போன மருள், இதன் உறவுக்காரச் செடிதான்.

தடித்த இலையிலும், மண்ணுக்குள் இருக்கும் கிழங்கு போன்ற தண்டிலும் இது தண்ணீரைச் சேர்த்து வைக்கும். மற்ற செடிகள் பகலில் இலைத்துளைகளைத் திறக்கும்; இது பெரும்பாலும் இரவில்தான் திறக்கும். அதனால் வெயிலில் ஈரம் வீணாவதில்லை. தினமும் தண்ணீர் கேட்கும் செடியே இல்லை இது!

எப்போது தண்ணீர் ஊற்றணும்?

நாள் கணக்கை விட விரல் கணக்குதான் சரி. மண்ணுக்குள் 2 அங்குலம் விரலை விட்டுப் பாருங்கள். ஈரம் தட்டுப்பட்டால் ஊற்ற வேண்டாம். கோடையில் சுமார் 2 வாரத்துக்கு ஒருமுறை, மழை மற்றும் குளிர் காலத்தில் மாதம் ஒருமுறை ஊற்றினாலே பெரும்பாலும் போதும். வெளிச்சம் குறைந்த அறை என்றால் மண் காய இன்னும் நாளாகும்.

தொட்டியின் அடியில் ஓட்டை கட்டாயம் இருக்கணும். கீழே வைக்கும் தட்டில் தண்ணீர் தேங்கினால் உடனே கொட்டிவிடுங்கள். தேங்காய் நார்க்கழிவு மட்டுமே நிரப்பிய தொட்டியில் ஈரம் நாள்கணக்கில் நிற்கும். செம்மண், மணல், கொஞ்சம் மண்புழு உரம் கலந்து மாற்றி நடுவது நல்லது.

வெளிச்சமே வேண்டாமா?

வேண்டும். குறைந்த வெளிச்சத்தைத் தாங்கும், அவ்வளவுதான். இருட்டு மூலையில் வளர்ச்சி கிட்டத்தட்ட நின்றுவிடும். ஜன்னல் ஓரம்தான் சரியான இடம். உச்சி வெயில் நேராகப் பட்டால் இலை கருகலாம். இலையில் தூசி படிந்தால் ஈரத்துணியால் துடைத்துவிடுங்கள்.

அழுக ஆரம்பித்தால் என்ன செய்வது?

அடி மஞ்சளாகிக் கொழகொழவென இருந்தால் தண்ணீர் அதிகம். இலை சுருங்கி மடிந்தால் தண்ணீர் போதவில்லை. அழுகினால் செடியை வெளியே எடுத்து, அழுகிய வேர்களை வெட்டி, ஓரிரு நாள் நிழலில் காயவிட்டு, புது மண்ணில் நடலாம். நல்ல இலையை வெட்டி நட்டாலும் முளைக்கும். ஆனால் மாதக்கணக்கில் காத்திருக்கணும். மஞ்சள் ஓரம் உள்ள வகையை இலையில் இருந்து வளர்த்தால், புதுச் செடியில் அந்த மஞ்சள் வராது. பக்கக்கன்றைப் பிரித்து நட்டால்தான் வரும்.

காற்றைச் சுத்தம் செய்யுமா?

இதற்கு நாசாவின் 1989-ம் ஆண்டு ஆய்வைக் காட்டுவார்கள். அது காற்று புகாத சிறிய பெட்டிக்குள் நடந்த சோதனை. வீடு அப்படி இல்லையே! பழைய ஆய்வுகளை 2019-ல் அலசிய அமெரிக்க ஆய்வாளர்கள், காற்றோட்டம் செய்யும் வேலையைச் செடிகள் செய்ய, ஒரு சதுர மீட்டருக்குக் குறைந்தது 10 செடிகளாவது வேண்டும் எனக் கணக்கிட்டனர். 'ராத்திரி ஆக்சிஜன் தரும்' என்பதும் தவறான புரிதலே. இரவில் இது கார்பன் டை ஆக்சைடை உள்ளே இழுக்கும். ஆக்சிஜன் உருவாக வெளிச்சம் வேண்டும். சுத்தமான காற்றுக்கு ஜன்னலைத் திறப்பதே எளிய வழி.

இதைக் கவனிங்க!

இந்த இலையில் சபோனின் என்ற நச்சுப்பொருள் உண்டு. நாய், பூனை மென்றால் வாந்தி, வயிற்றுப்போக்கு வரலாம். தவழும் குழந்தைகளுக்கும் எட்டாத இடத்தில் வையுங்கள்.

மற்றபடி, ஊருக்குப் போய் 2 வாரம் கழித்து வந்தாலும் இந்தச் செடி அப்படியே நிற்கும். பக்கத்து வீட்டில் சாவி கொடுத்து 'தினமும் தண்ணி ஊத்துங்க' என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்!