உள்ளே இருக்க வேண்டிய கட்டு: வேலிக் கட்டுகளின் சின்ன வரலாறு

போன மே மாசம் தோட்டத்து வேலியில் பச்சை வலை ஒரு மூலையில் தொங்கிக்கொண்டிருந்தது. கிட்டப் போய்ப் பார்த்தால் வலைக்கு ஒன்றும் ஆகலை. கல்லுக்காலும் கம்பியும் அப்படியே நிற்கின்றன. வலையைக் கம்பியோடு பிடித்திருந்த வெள்ளை கேபிள் டைகள்தான் ஒவ்வொன்றாக அறுந்து தரையில் கிடந்தன. ஒன்றை எடுத்து லேசா வளைத்தேன். அப்பளம் மாதிரி ஒடிந்தது. கட்டி ஒன்றரை வருஷம்கூட ஆகியிருக்காது. அந்தச் சந்து வழியா ஆடு நுழைந்து கத்தரி நாற்று முழுவதையும் மேய்ந்துவிட்டுப் போனதில்தான் விஷயமே எனக்குத் தெரிந்தது.

இந்தப் பொருளை முதலில் எதற்காகச் செய்தார்கள் என்று தேட ஆரம்பித்தேன். தேடியது வேலியின் வரலாறாகவே நீண்டுவிட்டது.

1956-ல் அமெரிக்காவில் மாரஸ் லோகன் என்பவர் போயிங் விமானத் தொழிற்சாலை ஒன்றைச் சுற்றிப் பார்க்கப் போனார். தாமஸ் அண்ட் பெட்ஸ் என்ற மின்சாதனக் கம்பெனியில் வேலை செய்தவர். ஒரு விமானத்துக்குள் ஆயிரக்கணக்கான ஒயர்கள் ஓடும். அவற்றைக் கொத்துக் கொத்தாகச் சேர்த்து, மெழுகு பூசிய நூலால் கையாலேயே முடிச்சுப் போட்டுக் கட்டிக்கொண்டிருந்தார்கள். நூலை இழுத்து இழுத்துத் தொழிலாளர்களின் விரல் அறுந்து புண்ணாகியிருந்தது. இதற்கு ஒரு மாற்று வேண்டும் என்று லோகன் இரண்டு வருஷம் உழைத்தார். 1958-ல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். 'டை-ராப்' என்ற பெயரில் வந்த அந்தப் பட்டைதான் இன்றைய கேபிள் டையின் மூதாதை. முதலில் வந்தவற்றில் பூட்டும் பல் உலோகம். முழுக்க நைலானில் வந்தது அதற்குப் பிறகு.

இதில் நான் நின்ற இடம் ஒன்று உண்டு. அது விமானத்தின் உடம்புக்குள் இருக்க வேண்டிய பொருள். அங்கே வெயில் கிடையாது. வெயிலைப் பற்றி யாரும் யோசிக்க வேண்டிய அவசியமும் இருந்திருக்காது. நாம் அதே பட்டையை எலக்ட்ரிகல் கடையில் வாங்கிச் சித்திரை வெயிலில் கட்டிவிட்டு, அறுந்துவிட்டதே என்று திட்டுகிறோம்.

சரி, கேபிள் டைதான் இப்படி, கட்டுக்கம்பி உருப்படியா என்று பார்த்தால் அதுவும் அதே கதைதான். கொத்தனார் கையில் சுருளாக வைத்திருக்கும் அந்தக் கறுத்த மெல்லிய கம்பி, கான்கிரீட்டுக்குள் கம்பியோடு கம்பியைப் பிணைக்கச் செய்தது. மேலே பூச்சு எதுவும் இல்லாத வெறும் இரும்பு. கான்கிரீட்டுக்குள் காரத்தன்மை அதிகம் என்பதால் அங்கே அது துருப்பிடிக்காமல் இருக்கும். வேலியில் கட்டினால் ஒரு மழைக்காலம் போதும், கை வைத்தாலே பொடிப்பொடியா உதிரும். இதுவும் உள்ளே இருக்க வேண்டியதுதான்.

வெளியில் இருப்பதற்கென்றே பிறந்த கட்டு எது என்றால், பழையதுதான். பனைநார், தென்னங்கயிறு, கற்றாழை நார். பனை வெயிலிலேயே நின்று வளர்ந்த மரம். ஆனால் நாரும் வெயிலுக்குத் தப்பாது. செடியின் நாரில் லிக்னின் என்று ஒரு பொருள் இருக்கிறது. நாருக்கு விறைப்பைத் தருவது அதுதான். வெயிலின் புறஊதாக் கதிர் முதலில் தாக்குவதும் அதைத்தான். பழைய கயிறும் மரப்பலகையும் சாம்பல் நிறமாக வெளுப்பதற்கு இதுவே காரணம். தேங்காய் நாரில் லிக்னின் அதிகம், அதனால் அழுகாமல் கொஞ்சம் கூடத் தாங்கும். அவ்வளவுதான் வித்தியாசம்.

ஆனாலும் அந்தக் காலத்தில் நார் அறுகிறதே என்று யாரும் பெரிதாகக் கவலைப்பட்டிருக்க மாட்டார்கள் என்று நினைக்கிறேன். யாழ்ப்பாணத்து வேலியை எடுத்துக்கொள்ளுங்கள். கதியால் நட்டு, கிடுகோ பனையோலையோ வைத்து வரிந்து கட்டுவார்கள். ஓலை வெயிலிலும் மழையிலும் இற்றுப்போகும்; காலம் தவறாமல் மறுபடியும் வேலி அடைக்க வேண்டும். ஓலையைப் பிரிக்கும்போது கட்டையும் பிரிப்பார்கள். ஓலைக்கு என்ன ஆயுசோ கட்டுக்கும் அதே ஆயுசு. ஓலையைத் தாண்டிக் கட்டு உழைத்தால் அதனால் யாருக்கும் லாபமில்லை. (வேலி அடைக்கும்போது கதியால் ஒரு விரற்கடை பக்கத்து வளவுக்குள் நகர்ந்துவிடும், அதனால் வந்த வேலிச் சண்டைகள் தலைமுறை தாண்டும் என்பது வேறு சமாசாரம்.) காங்கேயம் பக்கத்துக் கொறங்காடுகளில் இன்னும் கெட்டி வேலை: கிளுவையை நட்டு வளர்த்துவிடுவார்கள். உயிர்வேலிக்குப் பெரிதாகக் கட்டே வேண்டாம்.

கம்பி வந்ததும்தான் கணக்கு மாறியது. பல வருஷம் நிற்கிற வேலிக்குப் பல வருஷம் நிற்கிற கட்டு வேண்டும். 1837-ல் பிரான்சில் ஸ்டானிஸ்லாஸ் சொரேல் என்ற பொறியாளர் இரும்பை உருக்கிய துத்தநாகத்தில் முக்கி எடுக்கும் முறைக்குக் காப்புரிமை வாங்கினார். நம் ஊர்க் கடையில் ஜிஐ கம்பி என்று கேட்டு வாங்குவது அந்த வழியில் வந்ததுதான். துத்தநாகம் வெறும் மேல்பூச்சு மட்டும் இல்லை. பூச்சில் கீறல் விழுந்தாலும் சுற்றியுள்ள துத்தநாகம் தான் முதலில் கரைந்து இரும்பைக் காப்பாற்றும். வேலி கட்டுபவர் குறடால் எத்தனை முறுக்கு முறுக்கினாலும் அது பிழைப்பதற்கு இந்தக் குணமும் ஒரு காரணம்.

அமெரிக்கச் சமவெளியில் வெறும் கம்பி வேலிக்கு இன்னொரு தொல்லை இருந்தது. கோடை வெயிலில் கம்பி நீண்டு தொய்யும், பனிக்காலத்தில் சுருங்கி அறும். 1874-ல் இலினாய் மாநில விவசாயி ஜோசப் கிளிடன் முள்கம்பிக்குக் காப்புரிமை பெற்றபோது இரண்டு கம்பிகளை முறுக்கிச் சேர்த்திருந்தார். முள் நகராமல் பிடித்துக்கொண்டது அந்த முறுக்குதான். முறுக்கிய ஜோடி வெயிலுக்கும் குளிருக்கும் கொஞ்சம் விட்டுக்கொடுத்தது. முள்ளை வளைக்க அவர் வீட்டுக் காபிக்கொட்டை அரைக்கும் மிஷினைத்தான் முதலில் பயன்படுத்தினாராம்.

வேடிக்கை என்னவென்றால், ஜிஐ கம்பிக்கு வெயில் எதிரியே இல்லை. அதற்கு எதிரி ஈரமும் கடல் உப்பும். வெயில் ஈரத்தைக் காயவைத்து உதவிதான் செய்கிறது. நைலானுக்கு நேர் எதிர். சூரியனின் புறஊதாக் கதிர் நைலானின் நீண்ட சங்கிலி மூலக்கூறுகளை அங்கங்கே வெட்டும். வெட்டிய இடத்தில் காற்றிலுள்ள ஆக்சிஜன் புகுந்து மேலும் வெட்டும். போதாக்குறைக்கு, நைலான் நெகிழ்வாக இருக்கக் கொஞ்சம் ஈரம் வேண்டும். அக்னி நட்சத்திரத்துக் காற்று அதையும் உறிஞ்சிவிடும். அப்பளம் மாதிரி ஒடிந்த ரகசியம் இதுதான்.

இதற்கு மருந்து கண்டுபிடித்தது வேலிக்காரர்கள் இல்லை, டெலிபோன்காரர்கள். இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு அமெரிக்காவில் டெலிபோன் கேபிள்களுக்கு ஈய உறையை விட்டு பாலிஎத்திலீன் உறை போடத் தொடங்கினார்கள். கம்பத்தில் தொங்கும் கேபிள், வருஷம் முழுக்க வெயில். நிறமில்லாத பாலிஎத்திலீன் வெடித்துவிடும். பெல் ஆய்வகத்தில் கண்ட வழி ரொம்ப எளிது: மிக நுண்ணிய கரிப்பொடியை நூற்றுக்கு இரண்டு மூன்று பங்கு சீராகக் கலந்தால், கரி வெளிச்சத்தை விழுங்கிவிடும், பிளாஸ்டிக் பிழைக்கும். மாதக்கணக்கில் இருந்த ஆயுள் பல பத்தாண்டுகளாக நீண்டது. வெளியில் கட்டும் கேபிள் டை கறுப்பாக இருப்பதற்கும் இதே கரிதான் காரணம்.

கரி வெயிலுக்கு அசையாது என்பது நமக்குப் புதுசு இல்லை. எழுத்தாணியால் கீறிய ஓலையில் விளக்குக்கரியைத் தடவித்தான் எழுத்தைத் தெரியவைத்தார்கள். நூற்றாண்டுகள் கழித்தும் அந்த எழுத்து மங்காமல் இருக்கிறது. ஆனால் கறுப்பாக இருப்பதெல்லாம் கரி இல்லை. வெறும் சாயம் போட்ட கறுப்பும் கடையில் உண்டு. கண்ணால் பார்த்துப் பிரிக்க முடியாது. வெளி உபயோகத்துக்கு, யூவி தாங்கும் என்று பாக்கெட்டிலேயே போட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்குவதுதான் வழி. அது இல்லாத மலிவுச் சரக்கை நான் இனி தோட்டத்துக்கு வாங்குவதாக இல்லை.

கடற்கரை ஊர்க்காரர்களுக்குத் துருப்பிடிக்காத எஃகுக் கட்டு இருக்கிறது. அதில் 316 என்று கேட்டு வாங்க வேண்டும். 304-ல் இல்லாத மாலிப்டினம் இதில் உண்டு; உப்புக்காற்றைத் தாங்குவது அதனால்தான். விலை அதிகம். உள்நாட்டுத் தோட்டத்துக்கு அது வீண்செலவு என்பது என் அபிப்பிராயம்.

இன்னொன்று, வீட்டில் மிஞ்சிய செம்புக் கம்பியால் ஜிஐ வேலியைக் கட்டுவதை நிறையப் பேர் செய்கிறார்கள். நானும் செய்திருக்கிறேன். செம்பு தொட்ட இடத்தில் ஈரம் பட்டால் துத்தநாகம் சீக்கிரம் தின்னப்படும். கட்டு நிற்கும், வேலி போய்விடும்.

இப்போது எங்கள் வேலியில் கம்பியும் கல்லுக்காலும் சேருமிடத்தில் ஜிஐ கம்பி. வலை கம்பியோடு சேருமிடத்தில் யூவி தாங்கும் கறுப்பு டை; காற்றில் வலை ஆடும் என்பதால் கடைசிப் பல் வரை இறுக்காமல் கொஞ்சம் விட்டுக் கட்டியிருக்கிறேன். மீந்த பாக்கெட்டை மொட்டை மாடி அறையில் திறந்து போடாமல் காற்றுப் புகாத டப்பாவில் வைத்தாயிற்று. பந்தலில் அவரைக்கொடியைத் தாங்கும் கட்டுகள் மட்டும் பழையபடி தென்னங்கயிறுதான். கொடி காய்ந்ததும் கயிற்றோடு சேர்த்து அறுத்து எருக்குழியில் போட்டுவிடலாம்.